இலகு வாரம் வீண் வாரமா? – வாசகர் கேள்வி பதில்

எடைப்பயிற்சி பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சில வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சியின் அளவை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வது சரியா என்பதே அது. ஜிம்களில் 'டீலோட்' என்ற பெயரில் புழங்கும் இந்த வழக்கத்தை இங்கே 'இலகு வாரம்' என்று குறிப்பிடுகிறேன். 'ஓய்வு வாரம்' என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்த வாரத்திலும் எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியான பார் தோளில் ஏறத்தான் செய்யும்.

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டரை ஆண்டுகளாக வாரத்துக்கு நான்கு நாள் எடைப்பயிற்சி செய்கிறேன். சென்ற மாதம் 100 கிலோவை வைத்துக்கொண்டு ஐந்து ரெப் (தடவை) ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தேன். இப்போது அதே எடையில் மூன்றாவது ரெப்பிலேயே திணறுகிறேன். ஒரு வாரம் பயிற்சியைக் குறைக்கும்படி பயிற்றுநர் சொல்கிறார். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் பலம் இன்னும் இறங்கிவிடாதா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பலம் குறைவது கண்ணெதிரே தெரியும்போது உழைப்பையும் குறைக்கச் சொன்னால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? ஆனால், அன்றன்று பாரின் அடியில் வெளிப்படும் திறனையும் உடலில் சேர்ந்திருக்கும் பலத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை ஒரே நேரத்தில் விட்டுச்செல்கிறது. ஒன்று, அந்தப் பயிற்சியால் கிடைக்கும் உடற்தகுதி. மற்றொன்று, அதே பயிற்சியால் ஏறும் களைப்பு. தகுதி மெல்லக் கூடி மெல்லவே கரையும். களைப்போ சட்டென்று ஏறும். வழிவிட்டால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். எரிக் பானிஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970களின் நடுவில் இதை ஒரு கணித மாதிரியாகவே எழுதிக் காட்டினார்கள். ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் காட்டும் திறன், அவருடைய தகுதியிலிருந்து களைப்பைக் கழித்தபின் எஞ்சுவது என்பதே அதன் சாரம். மனித உடலை இரண்டே எண்களுக்குள் அடக்கிவிட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும், கடுமையாகப் பயிற்சி செய்த வாரங்களின் இறுதியில் திறன் சரிவதும், பளுவைச் சற்றுக் குறைத்த சில நாட்களில் அது முன்பைவிட மேலாக எழுவதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. உங்கள் விஷயத்தில் மூன்றாவது ரெப்பில் தடுப்பது, பெரும்பாலும், சில வாரங்களாகச் சேர்ந்துகொண்டே வந்த களைப்பாகத்தான் இருக்கும்.

ஒரு வாரத்தில் பலம் போய்விடுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஆறுதலான பதிலைத் தருகின்றன. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் கால் பயிற்சி செய்துவந்தவர்களில் ஒரு பகுதியினர், எடையின் கனத்தைக் குறைக்காமல் நாட்களை மட்டும் குறைத்துக்கொண்டு 12 வாரங்கள் தொடர்ந்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் செய்தவர்கள்கூடப் பெற்ற பலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். முற்றிலும் நிறுத்தியவர்கள்தான் அதில் பெரும்பகுதியை இழந்தார்கள். 12 வாரம் தாங்கிய பலம் ஏழு நாளில் உங்களைக் கைவிட்டுவிடாது.

ஆனால், பயிற்றுநரின் சொல்லை ஏற்பதற்கு முன் உங்கள் பயிற்சி நோட்டைத் திறந்து ஒன்றைப் பாருங்கள். ஸ்குவாட் மட்டும் இறங்கியிருந்து, பெஞ்ச் பிரஸ்ஸும் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பயிற்சி) மற்றவையும் ஏறுமுகமாகவே இருந்தால், கோளாறு ஸ்குவாட் செய்யும் முறையிலோ அதற்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் நாளிலோ இருக்கலாம். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கும் பயிற்சி) செய்த மறுநாளே ஸ்குவாட்டை வைத்துக்கொண்டு, கால் எழவில்லை என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பயிற்சிகளும் சேர்ந்து இறங்கியிருந்தாலோ, தூக்கம் கலைந்து போயிருந்தாலோ, முன்பு சுலபமாக இருந்த வார்ம்-அப் எடையே கனமாகத் தோன்றினாலோ, இலகு வாரத்துக்கு நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: இலகு வாரத்தில் குறைக்க வேண்டியது எடையையா, செட்டையா, நாட்களையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: முதலில் கை வைக்க வேண்டியது செட்டுகளின், அதாவது ஒரே மூச்சில் செய்யும் ரெப் தொகுதிகளின், எண்ணிக்கையில். எடையைக் கொஞ்சமாக, இரண்டாவதாகக் குறைத்தால் போதும். நாட்களைக் கூடுமானவரை தொடாதீர்கள்.

இப்படிச் சொல்வதற்கு அடிப்படை உண்டு. போட்டிக்கு முந்தைய வாரங்களில் விளையாட்டு வீரர்கள் பயிற்சியைத் தணிப்பது குறித்து வெளிவந்த பல ஆய்வுகளை 2007இல் ஒன்றுதிரட்டி அலசிய ஆய்வாளர்கள், பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, தீவிரத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும் அப்படியே வைத்திருந்த முறையே அதிகப் பலன் தந்தது என்று கண்டார்கள். அவர்கள் அலசிய ஆய்வுகள் நீச்சல், ஓட்டம், சைக்கிள் போன்ற விளையாட்டுகளைச் சார்ந்தவை என்பதால், அந்த எண்களை எடைப்பயிற்சிக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் களைப்பைப் பெருமளவில் ஏற்றுவது மொத்த வேலையின் அளவு, பலத்தைக் காத்து நிற்பது எடையின் கனம் என்ற திசை இரண்டுக்கும் பொது.

முதல் கேள்வி கேட்ட வாசகரையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான நாளில் அவர் 100 கிலோவில் ஐந்து ரெப்பாக நான்கு செட் ஸ்குவாட் செய்பவர் என்று வைத்துக்கொண்டால், இலகு வாரத்தில் 20 கிலோ வெறும் பாரில் தொடங்கி, 50, 70 என்று வழக்கம்போல வார்ம்-அப் செய்து, 85 அல்லது 90 கிலோவில் மூன்று அல்லது நான்கு ரெப்பாக இரண்டே செட் செய்துவிட்டுப் பாரை ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். கடைசி ரெப் முதல் ரெப்பின் அதே வேகத்தில் எழ வேண்டும், இதுதான் அளவுகோல். எழும்போது இடுப்பு முந்திக்கொண்டு மேலே போனாலோ, பார் பாதி வழியில் ஒரு கணம் தயங்கினாலோ, எடை இன்னும் கூடுதல் என்று பொருள். கை, தோள், முதுகுக்கான துணைப் பயிற்சிகளிலும் செட்டைப் பாதியாக்கி, இன்னும் நான்கைந்து ரெப் முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். களைப்பைவிட மூட்டு வலியே முதன்மையான தொல்லையாக இருப்பவர்கள் மட்டும் எடையையும் தாராளமாக, வழக்கத்தில் 60, 70 சதவீதத்துக்கு இறக்கிக்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. மிச்சமாகும் நேரத்தில் புதிய பயிற்சி ஒன்றைப் பழகிப் பார்க்கலாம் என்று தோன்றும். பழக்கமில்லாத அசைவு எவ்வளவு இலகுவாக இருந்தாலும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலியைக் கொண்டுவரும். அப்புறம் அது இலகு வாரமாக இருக்காது. உடல் தெளிந்து வருகிற வாரக் கடைசியில், ஒரே ஒரு ரெப்பில் அதிகபட்சமாக எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்க்கும் ஆசையும் வரும். அதையும் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். 35 நிமிடத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது, பாரம் தூக்குவதைவிடப் பலருக்குக் கடினமாக இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

கேள்வி: நான்கு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், இலகு வாரமே கட்டுக்கதை என்று இன்னொருவர் சொல்கிறார். அறிவியல் என்ன சொல்கிறது?

பதில்: இருவருமே கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் 24 வாரங்கள் இடைவிடாமல் பெஞ்ச் பிரஸ் செய்தார்கள்; மற்றொரு குழுவினர் ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் முழு நிறுத்தம் என்று மாறி மாறிச் செய்தார்கள். இறுதியில் இரு குழுவினரின் தசை வளர்ச்சியும் பலமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. நிறுத்தி நிறுத்திச் செய்தவர்கள் மொத்தத்தில் குறைவாகவே உழைத்திருந்தார்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. பயிற்சியில் புதியவர்களான இளைஞர்களைக் கொண்டு நடத்திய சிறிய ஆய்வு இது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏற்கெனவே பயிற்சி உள்ள 39 பேரை எடுத்துக்கொண்டது. ஒன்பது வாரத் திட்டத்தின் நடுவில் ஒரு பிரிவினர் ஒரு வாரம் பயிற்சியை முற்றிலும் நிறுத்தினார்கள். தசை வளர்ச்சியில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் கால் பலத்தில் இடைவிடாமல் செய்தவர்கள் சற்று முந்தினார்கள். இந்த முடிவை முன்வைத்து இலகு வாரமே வீண் என்று வாதிடுபவர்கள், அந்த ஆய்வில் நடந்தது குறைப்பு அல்ல, முழு நிறுத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். முழுதாக நிறுத்தாமல், பாரோடு தொடர்பை விடாமல் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, இலகு வாரம் தசையை வளர்க்கும் மந்திரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் வேலை, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் காயமில்லாமல் பயிற்சியில் நிறுத்தி வைப்பது. பளுதூக்கும் விளையாட்டுகளிலும் உடற்கட்டுப் போட்டிகளிலும் ஈடுபடுபவர்களிடம் அண்மையில் நடத்திய கருத்துக்கணிப்பு ஒன்றில், அவர்கள் சராசரியாக ஐந்தரை வாரத்துக்கு ஒருமுறை, ஆறேழு நாட்களுக்கு இப்படிக் குறைத்துக்கொள்வதாகத் தெரியவந்தது. நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் உங்கள் உடலுக்குப் பொருந்தும் இடைவெளியை நோட்டைப் பார்த்து நீங்களே கண்டுகொள்ளலாம். ஒன்றில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்: உடல் மன்றாடும் வரை காத்திருப்பதைவிட, ஒரு வாரம் முன்னதாகவே எடுத்துவிடுவது மேல்.

கேள்வி: பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நானும் எடுக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் உடலை ஆழமாகக் களைப்படையச் செய்யும் அளவுக்குப் பெரிய எடைகளை நீங்கள் இன்னும் எட்டியிருக்க மாட்டீர்கள். பண்டிகை, பயணம், காய்ச்சல் என்று தானாகவே விடுபடும் நாட்கள் உங்களுக்குப் போதும்.

கேள்வி: இலகு வாரத்தில் உழைப்பு குறைவுதானே என்று உணவையும் குறைத்தேன். ஒரு கிலோ எடை இறங்கியது. கைகளும் சிறுத்துத் தெரிகின்றன. தசை கரைந்துவிட்டதா?

பதில்: ஒரு வாரத்தில் தசை அப்படிக் கரைவதில்லை. நீங்கள் கண்டது பெரும்பாலும் நீர்தான். தசைக்குள் எரிபொருளாகச் சேமிக்கப்படும் கிளைக்கோஜன், தன்னுடைய ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தவுடன் கிளைக்கோஜன் இறங்குகிறது. அதனோடு நீரும் வெளியேறுகிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு தசையில் தங்கும் வீக்கமும் இந்த வாரத்தில் வடிவதால், கண்ணாடியில் கை சற்று மெலிந்து தெரியும். வழக்கமான உணவும் பயிற்சியும் திரும்பிய சில நாட்களில் பழைய தோற்றம் வந்துவிடும்.

தவறு உணவைக் குறைத்ததில்தான் நடந்திருக்கிறது. பழுதுபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும் வாரத்தில் பொருள் வரத்தை நிறுத்தக் கூடாது. புரதத்தை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவில் உண்டு வந்தவர்கள் அதை அப்படியே தொடர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 56. மூன்று வாரமாக முழங்கையின் உட்புறம் வலிக்கிறது. பயிற்சி செய்து உடல் சூடானதும் வலி மறைந்துவிடுவதால் தொடர்ந்து செய்கிறேன். இலகு வாரம் எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னுடைய பழைய தவறு ஒன்று கண்முன் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்சி செய்த இடத்தில், அந்த மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டுவார்கள். என் முழங்கையும் இதே போலத்தான் தொடங்கியது. காலையில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் சுருக்கென்று வலிக்கும். இரண்டு செட் முடிந்ததும் வலி போன இடம் தெரியாது. அந்தப் பட்டியலிலிருந்து என் பெயர் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஏழு வாரம் அதன் மேலேயே பாரத்தை ஏற்றினேன். பிறகு ஐந்து மாதம் என்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கக்கூட முடியவில்லை. ஒரு வாரத்தைக் கொடுக்க மறுத்தவனிடமிருந்து ஐந்து மாதம் போயிற்று.

தசையையும் எலும்பையும் இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவற்றின் இழைகள் புதுப்பிக்கப்படுவதும் தசையைவிட மிகவும் மெதுவாக நடக்கிறது. இதனால் தசை பலமடையும் வேகத்துக்கு நாண்கள் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகின்றன. வயது ஏறும்போது இந்தத் தாமதம் இன்னும் கூடுகிறது. உடல் சூடானதும் வலி மறைவது தசைநாண் தொல்லைகளில் வழக்கமாகக் காணப்படுவதுதான். அது குணமானதன் அறிகுறி அன்று. மறுநாள் காலையில் வலி எப்படி இருக்கிறது என்பதே சரியான சாட்சி.

ஒரு இலகு வாரம் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் மூன்று வாரம் நீடித்த வலிக்கு அது மட்டும் போதாமல் போகலாம். நாண் மறுபடி வலுவடைய முழு ஓய்வும் உதவாது. அளவறிந்து படிப்படியாக ஏற்றப்படும் பாரம் தேவை. ஆகவே இந்த வாரம் செட்டையும் எடையையும் குறைத்துக்கொண்டு, வலியைத் தூண்டும் பிடிகளை மாற்றிக்கொண்டு, தாமதிக்காமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இரவுப் பணி, வீட்டில் கைக்குழந்தை. தூக்கம் நான்கைந்து மணி நேரம்தான். திட்டப்படி இலகு வாரம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை தள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதே எடுத்துவிடுங்கள். பாரத்தால் வரும் களைப்புக்கு ஒரு கணக்கு, குழந்தைக்காக விழித்த இரவுக்கு ஒரு கணக்கு என்று உடல் தனித்தனியாக எழுதி வைப்பதில்லை. குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு என வெவ்வேறு நெருக்கடிகளுக்கும் உடல் பெருமளவு ஒரே விதமாக எதிர்வினை ஆற்றுவதை ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இலேயே 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார். அவர் அதை எலிகளில் கண்டார். தூங்காத தகப்பன்மார்களிடமும் தாய்மார்களிடமும் நாம் தினமும் காண்கிறோம். பணி நெருக்கடி வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் இலகு வாரத்தை அதன்மேல் பொருத்தி வையுங்கள். உங்கள் நிலைமையில், வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் என்று சில மாதங்களுக்குச் சுருக்கிக்கொண்டாலும் பலம் பெரிதாகக் குறையாது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 1988 ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலகு வாரம் எடுத்தும் அசதி தீரவில்லை. இரண்டாவது வாரமும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சில நாட்களில் தீரும் களைப்பு பயிற்சியின் இயல்பான பகுதி. பல வாரங்கள் குறைத்த பிறகும் திறன் திரும்பாமல், மனம் சோர்ந்து, பசி குன்றி, ஓய்விலும் இதயம் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அது மிகைப்பயிற்சியாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு போன்ற வேறு காரணமாகவும் இருக்கலாம். இதை நோட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மற்றொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கடும் பயிற்சிக்குப் பின் தசைகள் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையின் அடையாளமாக இருக்கலாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: இலகு வாரம் முடிந்த திங்கட்கிழமை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசியாக எந்த எடையை ஒழுங்காகத் தூக்கினீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள், திணறிய எடையிலிருந்து வேண்டாம். முதல் வாரத்தில் வழக்கமான செட்டுகளில் ஒன்றைக் குறைத்தே செய்யுங்கள். ஒரு வாரம் தணிந்திருந்த தசைக்குப் பழைய அளவு சற்றுப் புதிதாகத் தோன்றுவதால் முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. முதல் கேள்வி கேட்டவர் அந்தத் திங்கட்கிழமை 100 கிலோவில் ஐந்து ரெப் எழுந்து, இன்னும் இரண்டு முடியும் என்று உணர்ந்தால், அந்த இரண்டையும் செய்யாமல் பாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த திங்கட்கிழமை இருபுறமும் 1.25 கிலோ தட்டு ஒவ்வொன்றைச் சேர்த்தால் போதும்.